குளுகுளு கேபின்

அன்று காலை வேலைக்குக் கிளம்புவதற்கு முன் என் மனைவி சமையலறை ஜன்னலில் இருந்த காற்றுக் குமிழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மேற்குப் பார்த்த ஜன்னல் அது. கம்பெனி வண்டிகளுக்கு ஒட்டியது போக மிஞ்சிய கறுப்பு சன் பிலிம் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அவளே கண்ணாடியில் ஒட்டியிருந்தாள். ஒட்டும்போது கட்டைவிரல் நகம் அளவுக்குக் கொஞ்சம் காற்று உள்ளே மாட்டிக்கொண்டது. தினமும் காலையில் அதைத் தள்ளுவாள். இடது மூலையிலிருந்து வலது மூலைக்குப் போகும். மறுநாள் வலதிலிருந்து இடதுக்கு. வெளியே மட்டும் போகாது.

"வாடகையும் குடுக்கறதில்ல, காலி பண்ணவும் மாட்டேங்குது" என்றாள்.

பக்கத்து அறையிலிருந்து என் மாமியார் குரல் கொடுத்தார். "யாரைச் சொல்றா மாப்பிள்ளை? என்னையா?"

"இல்ல அத்தே, குமிழிய."

"சொல்லிக்கட்டும் சொல்லிக்கட்டும். அந்தக் கறுப்புத்தாளை ஒட்டினதுலேர்ந்து மணி மூணா ஆறான்னே தெரியல எனக்கு. நேத்து மத்தியானமே விளக்கேத்திட்டேன்."

"ஊசியால குத்தினாத்தான் போகும்" என்றாள் என் மனைவி. "சாயங்காலம் வந்து குத்திடறேன். நீங்க கை வச்சுடாதீங்க. கிழிச்சுடுவீங்க." ஒரு ஊசியை எடுத்து ஜன்னல் திரையின் ஓரத்தில் செருகினாள். துண்டை நனைத்துப் பிழிந்து கழுத்தில் சுற்றிக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். அவ்வளவுதான்.

அவள் டோயிங் வண்டி ஓட்டினாள். நடுவழியில் நின்றுபோகிற கார்களைத் தூக்கி இழுத்துக்கொண்டுபோய்ப் பட்டறையில் விடுகிற வேலை. இதைச் சொன்னால் ஜனங்கள் முதலில் என்னைத்தான் பரிதாபமாகப் பார்ப்பார்கள். நான் அச்சகத்தில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து பிழை திருத்துபவன். இரண்டையும் சேர்த்து யோசித்துப் பார்த்துவிட்டு "ஓ" என்பார்கள். கம்பெனியில் அவளுக்குக் கொக்கி அக்கா என்று பெயர். அவளைவிட வயதில் பெரியவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவள் வண்டியின் பின்னால் ஓர் இரும்புக் கை உண்டு. நின்றுபோன காரின் முன்சக்கரங்களுக்கு அடியில் அது நுழைந்து, இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்துத் தூக்கும். கையை ஆட்டுகிற விசைகள் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தன. அவள் சீட்டில் உட்கார்ந்தபடி கழுத்தைத் திருப்பி, பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே கையை உள்ளே விடுவாள். பம்பரில் கீறல் விழாது. கடைசியில் சக்கரத்துக்குப் பட்டை மாட்டுவதற்கு மட்டும் இறங்குவாள். மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வாள்.

போன கோடையில் கம்பெனி வளாகத்தில் வெயிலில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ஐஸ் வைத்து, குளுக்கோஸ் ஏற்றி, ஒருவழியாக மீட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அம்மா சொன்னார்: "ஒரு தடவை இப்படி விழுந்த உடம்புக்குப் பழைய தாங்குசக்தி இருக்காதும்மா. வெயில்ல நிக்காதீங்க. அடுத்த தடவையும் நான் எழுப்பி உக்கார வச்சுடுவேன்னு நினைக்காதீங்க."

"நான் எங்க டாக்டர் நிக்கறேன்? என் வேலையே உக்காந்து பாக்கறதுதான்" என்றாள் இவள்.

உண்மைதான். அந்தப் பின்கண்ணாடி இருக்கிறவரை அவள் வெயிலில் நிற்க வேண்டியதில்லை. அதனால்தான் நானும் வேலையை விடச் சொல்லவில்லை. சொன்னாலும் விட்டிருக்க மாட்டாள்.

அவள் விழுந்தது முதலாளியின் மனதை உருக்கிவிட்டது. அவர் இளகிய மனசுக்காரர். டோயிங் கம்பெனி உரிமையாளர்கள் சங்கம் அந்த வருடம் தொழிலாளர் நலனுக்கு ஒரு கேடயம் அறிவித்திருந்தது. இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தது தற்செயல் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

இப்படிப் பிறந்ததுதான் குளுகுளு கேபின் திட்டம். எல்லா வண்டிக் கண்ணாடிகளுக்கும் சன் பிலிம். முதலாளியின் மச்சான் கார் அலங்காரக் கடை வைத்திருந்தார். உறவுக்காரர் என்பதற்காக அவருக்குக் கொடுக்கவில்லை, வேறு கடைகளில் விசாரிக்கவே இல்லை, அவ்வளவுதான் என்று முதலாளி விளக்கினார்.

முதல் வண்டி என் மனைவியுடையது. டிரைவர் பக்கத்துக் கண்ணாடிகளில் இவ்வளவுதான் ஒட்டலாம் என்று போக்குவரத்துச் சட்டம் இருந்தது. அங்கே லேசான பிலிம் போட்டார்கள். பின்கண்ணாடியைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை.

"சட்டம் சும்மா இருக்கற இடத்துல நாம ஏன் சும்மா இருக்கணும்?" என்றார் மச்சான். கடையில் இருந்ததிலேயே கறுப்பான பிலிமைப் பின்கண்ணாடியில் ஒட்டினார். அதன்மேல் தங்க நிறத்தில் கம்பெனியின் சின்னமும் வந்தது: கயிறு கட்டி ஒரு காரை இழுத்துக்கொண்டுபோகிற சிங்கம்.

என் மனைவி ஏறி உட்கார்ந்து கழுத்தைத் திருப்பினாள். பிறகு இறங்கி வந்தாள்.

"முதலாளி, பின்னால ஒண்ணும் தெரியல."

"தெரியாம என்ன? அதோ நான் நிக்கறது தெரியலையா?"

"நீங்க தெரியறீங்க. நீங்க வெயில்ல நிக்கறீங்க. கை போறது வண்டியோட நிழல்ல. அங்க எல்லாம் ஒரே கறுப்பா இருக்கு. சக்கரம் எது, பம்பர் எதுன்னு தெரியல."

இதுதான் விஷயம். கறுப்புக் கண்ணாடி வழியாக வெயிலில் இருப்பதெல்லாம் தெரியும். நிழலில் இருப்பது தெரியாது. இரும்புக் கைக்கு எல்லா வேலையும் நிழலில்தான்.

பிலிம் மச்சான் நேர்மையான மனிதர். "கண்ணாடி மாதிரியே நிறமில்லாம ஒரு பிலிம் இருக்கு மாமா. சூட்டையும் நிறுத்தும், பார்வையையும் மறைக்காது. பின்னால அதைப் போட்டுடலாம்" என்றார்.

"ஒட்டினா தெரியுமா?" என்று கேட்டார் முதலாளி.

"தெரியாது. அதான் அதோட விசேஷமே."

"அப்புறம் ஒட்டினேன்னு எவன்டா நம்புவான்? சங்கத்துலேர்ந்து பார்க்க வர்றவங்ககிட்ட 'ஒட்டியிருக்கேன், உத்துப் பாருங்க'ன்னு நான் சொல்லிட்டு நிக்கணுமா?"

மேலாளர் "சரிங்க" என்றார். எதற்கும் அதையே சொல்வதால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. டிரைவர்கள் "சரிங்க வர்றாரு, பீடிய அணை" என்பார்கள்.

"நீ அனுபவசாலிம்மா" என்று என் மனைவியிடம் திரும்பினார் முதலாளி. "கண்ணை மூடிக்கிட்டே தூக்குவியே."

"அப்ப பிலிம் எதுக்கு முதலாளி? ஆளுக்கொரு கைக்குட்டை குடுத்துடுங்க, கண்ணைக் கட்டிக்கறோம்."

டிரைவர்கள் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். பிலிம் அப்படியே இருந்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கேபின் உண்மையிலேயே குளிர்ந்தது. அவளே சொன்னாள். "ஏங்க, உள்ள உக்காந்தா சினிமா தியேட்டர் மாதிரி இருக்கு." என்ன, அவளால்தான் உள்ளே உட்கார முடியவில்லை. விசையைக் கொஞ்சம் தள்ளுவாள், இறங்கிப் பின்னால் போய்க் குனிந்து பார்ப்பாள், திரும்ப வந்து ஏறி இன்னும் கொஞ்சம் தள்ளுவாள், மறுபடியும் இறங்குவாள். முன்பு பட்டை மாட்ட ஒரே ஒரு தடவை இறங்கியவள் இப்போது ஒரு காரைத் தூக்குவதற்குள் வண்டியைச் சுற்றிப் பிரதட்சிணமே செய்தாள். வெயிலைத் தடுக்கும் பிலிம் வந்த பிறகுதான் அவள் முகம் கறுக்க ஆரம்பித்தது.

"இன்னிக்கும் தலைவலியா?" என்று கேட்பேன்.

"இல்லையே. கேபின் குளுகுளுன்னு இருக்குல்ல" என்பாள், தலையைப் பிடித்துக்கொண்டே.

"விட்டுட்டு வந்துடேன்டி" என்பார் அவள் அம்மா.

"விட்டுட்டு வந்து உங்கூட உக்காந்து மணி மூணா ஆறான்னு பாத்துக்கிட்டு இருக்கவா?"

ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு பிளேடை எடுத்து, பின்கண்ணாடிப் பிலிமில் சாசர் அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி உரித்தெடுத்தாள். உட்கார்ந்தால் அவள் கண் போகிற இடம் எதுவோ அங்கே வெட்டினாள். அது சிங்கத்தின் வயிறாக அமைந்துவிட்டது. அன்று வீட்டுக்கு வந்தபோது பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பாடவே வராது.

மறுநாள் முதலாளி பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது? சிங்கத்தோட வயித்துல ஓட்டை போட்டு வச்சிருக்க!"

"அதும் வெயில்ல கிடக்குதே முதலாளி. கொஞ்சம் காத்து வரட்டும்னுதான்."

"விளையாடாத. இதுக்கு ஆறு வருஷம் உத்தரவாதம் இருக்கு. கீறல் விழுந்தா உத்தரவாதம் போச்சு. அடுத்த வாரம் சங்கத்து ஆளுங்க வர்றாங்க. வயிறு இல்லாத சிங்கத்தையா காட்டச் சொல்ற?"

"வயிறு இல்லாட்டி என்ன முதலாளி, இழுக்கறது வயித்தாலயா?"

மச்சான் வந்தார். புதிதாக வெட்டி ஒட்டினால் நேரமாகும் என்று பழைய பிலிமின் மேலேயே இன்னொரு முழு பிலிமை ஒட்டி, அதன்மேல் புதுச் சிங்கத்தைப் பதித்தார். முன்பு ஒரு இருட்டு, இப்போது இரண்டு. கம்பெனிச் சொத்தான பிலிமுக்குச் சேதம் விளைவிப்பவர்கள் வேலையிலிருந்து நிறுத்தப்படுவார்கள் என்று சரிங்க ஒரு அறிவிப்பை எழுதிச் சுவரில் ஒட்டினார்.

"ஒரு கேமராவாவது வச்சுக் குடுங்க, பின்னால பாத்துக்கறேன்" என்று கேட்டாள் இவள். நியாயமான கோரிக்கை என்றார் முதலாளி. கேமராவும் வந்தது. அதைக் கேபினுக்குள் கண்ணாடிக்கு மேலே பொருத்தினார்கள். யாராவது பிலிமைக் கீறுகிறார்களா என்று அது பார்த்துக்கொண்டிருந்தது.

சங்கத்து ஆட்கள் வந்தார்கள். வண்டியைக் கொட்டகை நிழலில் நிறுத்தி உள்ளே வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்கள். கேடயம் கிடைத்தது.

குமிழியைத் தள்ளிவிட்டுப் போன அந்த நாளில், நண்பகலுக்குப் பிறகு, ஊருக்கு வெளியே மேம்பாலத்தில் ஒரு கார் நின்றுவிட்டதாக அழைப்பு வந்தது. அங்கே மரமும் கிடையாது, மறைப்பும் கிடையாது. அதற்குப் பிறகு நடந்ததை அந்தக் காரின் சொந்தக்காரர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். காரியம் முடிந்த மறுநாள் அவராகவே விலாசம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கண் கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். உட்காரச் சொன்னோம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அம்மா வந்ததும் என்னைப் பார்த்து, 'வெயில்ல ஏன் நிக்கறீங்க சார், உள்ள ஏறி உக்காருங்க'ன்னாங்க. ஏறிட்டேன். ரொம்பக் குளுமையா இருந்துச்சு. அவங்க ஏறி ஒரு கம்பியைத் தள்ளுவாங்க, இறங்கிப் போவாங்க, வருவாங்க. 'ஏம்மா இத்தனை தடவை?'ன்னு கேட்டேன். 'சிங்கம் மறைக்குது சார்'னாங்க. எனக்குப் புரியல. சிரிச்சேன்."

மாமியார் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வந்தவர் அதைத் தொடவில்லை.

"அப்புறம் ஒரு தடவை போனவங்க வரல. நான் திரும்பிப் பார்த்தேன் சார். திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பின்னாடி வர்ற பஸ் தெரியுது, பாலத்தோட கைப்பிடி தெரியுது. வண்டிக்குப் பக்கத்துல ஒண்ணும் தெரியல. குனிஞ்சு பட்டை மாட்டறாங்க போலன்னு நினைச்சேன். வேலை நடக்குதுன்னு நினைச்சேன். நடுவுல போயித் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு..."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் மாட்டிக்கொள்ள மறந்துவிட்டார்.

"பைக்ல வந்த ஒருத்தர் கதவைத் தட்டினப்பதான் தெரியும். நிழல்லதான் விழுந்திருந்தாங்க. அவங்க வண்டியோட நிழல்ல."

அவரை நான் கோபிக்கவில்லை. அவர் பார்த்தார். பின்கண்ணாடி காட்டவில்லை. போகும்போது வாசலில் நின்று, எங்களுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தார். கடைசியில், "கேபின் நல்லா இருந்துச்சு சார். அவங்க ரொம்பச் சுத்தமா வச்சிருந்தாங்க" என்றார்.

கம்பெனி விசாரணை நடத்தியது. கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. முதலாளி என்னை அழைத்துப் போட்டுக் காட்டினார். கண் கண்ணாடிக்காரர் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். டிரைவர் சீட் காலியாக இருக்கிறது. நெடுநேரம் காலியாகவே இருக்கிறது. யாரும் பிலிமைக் கீறவில்லை.

"பாருங்க, உள்ள இருக்கறவருக்கு வேர்க்கவே இல்ல" என்றார் முதலாளி. நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதார். "வெயில் உள்ள வரவே இல்ல தம்பி. நம்ம பிலிம் அவ்வளவு தரம். அப்படியும் அக்கா போயிட்டாங்கன்னா, விதின்னுதான் சொல்லணும்."

"சரிங்க" என்றார் மேலாளர்.

விசாரணை அறிக்கையும் அதையேதான் சொன்னது. கேபினுக்குள் வெப்பம் திருப்திகரமாக இருந்தது. ஆகவே மரணத்துக்கும் வெப்பத்துக்கும் தொடர்பில்லை. கேபினுக்குள் அவள் இல்லை என்பது அறிக்கைக்குத் தேவைப்படாத விவரம்.

ஒரு மாதம் கழித்து இரங்கல் கூட்டம் வைத்தார்கள். வளாகத்தில் கொட்டகைக்கு அடியில் நாற்காலிகள், முன்னால் வெயில் படுகிற இடத்தில் அவள் படம், படத்துக்கு மாலை. முதலாளி பேசினார். இந்த இழப்பு தன்னைத் தூங்கவிடவில்லை என்றார். இதுவரை பாதி வண்டிகளுக்குத்தான் பிலிம் ஒட்டியிருக்கிறோம், அக்காவின் ஆத்மா சாந்தியடைய மீதி வண்டிகளுக்கும் ஒட்டப்போகிறோம் என்றார். திட்டத்தின் பெயரை இனி "கொக்கி அக்கா நினைவுக் குளுகுளு கேபின் திட்டம்" என்று மாற்றுவதாக அறிவித்தார். கைதட்டல். எனக்கு முன்வரிசையில் இருந்த டிரைவர்கள் தட்டவில்லை. ஒருவர் மட்டும் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டுப் பாதியில் நிறுத்தினார்.

நான் எழுந்து போய் முதலாளியின் காதருகில் சொன்னேன். "முதலாளி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பின்கண்ணாடியில மட்டும் வேண்டாம். பேரையும் வேணும்னா எடுத்துடுங்க. பின்னால மட்டும் தெரியட்டும்."

"கட்டாயம் பரிசீலிக்கலாம் தம்பி. முதல்ல விழா முடியட்டும்."

அவள் வண்டியை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பின்கண்ணாடிக்குப் புதிதாக இன்னொரு பிலிம், அதில் சிங்கத்துக்கு மேலே அவள் பட்டப்பெயர். உள்பக்கமாக ஒட்டியாகிவிட்டது. ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த துண்டை நான் வெட்டித் திட்டத்தைத் தொடங்கிவைக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு தட்டில் பட்டுத்துணி விரித்து, அதில் பிளேடு வைத்து நீட்டினார்கள். பிலிம் மச்சான் என் முழங்கையைப் பிடித்துக் கேபினுக்குள் ஏற்றிவிட்டார்.

அவள் சீட்டில் உட்கார்ந்தேன். அதற்கு முன் ஒரு தடவைகூட நான் அந்த சீட்டில் உட்கார்ந்ததில்லை. உள்ளே குளுகுளுவென்றுதான் இருந்தது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். வெயிலில் நின்ற முதலாளி தெரிந்தார், சரிங்க தெரிந்தார், படத்தில் இருந்த மாலையின் ஜரிகைகூடத் தெரிந்தது. வண்டிக்குப் பின்னால், நிழலில், ஒன்றுமே தெரியவில்லை.

நான் ஓரத்தை வெட்டவில்லை. என் கண்ணுக்கு நேராகப் பிளேடை வைத்து வட்டமாக இழுத்தேன். மூன்று பிலிம், அழுத்தித்தான் இழுக்க வேண்டியிருந்தது. என் வட்டம் அவள் வட்டம் மாதிரி சுத்தமாக வரவில்லை. நசுங்கிய தட்டு மாதிரி வந்தது. நகத்தால் நெம்பி உரித்தேன்.

வெளியே எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். விழாவில் அப்படி ஓர் அம்சம் இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டார்கள். போட்டோகிராபர் ஓட்டை வழியாக என் முகத்தைப் படம் எடுத்தார். சிங்கத்தின் வயிற்றிலிருந்து நான் எட்டிப் பார்க்கிற அந்தப் படம்தான் சங்கத்தின் இதழில் அட்டைப்படமாக வந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்த நேரத்தில் நான் போட்டோகிராபரைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்புக் கை தெரிந்தது. அதன் பட்டை தெரிந்தது. தரையில் எண்ணெய்க் கறைகூடத் தெரிந்தது.

இறங்கியதும் சரிங்க என் பக்கத்தில் வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, ரொம்பத் தாழ்ந்த குரலில், "நல்லா தெரியுதுங்களா?" என்று கேட்டார். அவர் சரிங்க தவிர வேறு ஏதாவது சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

"தெரியுது" என்றேன்.

"சரிங்க" என்றுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையிலேயே மேலே இன்னொரு பிலிமை ஒட்டிவிட்டார்கள் என்று ஒரு டிரைவர் வந்து சொன்னார். இப்போது அந்த வண்டியை அவர்தான் ஓட்டுகிறார். தொப்பி ஒன்று வாங்கியிருப்பதாகச் சொன்னார்.

மாமியாரும் நானும் மட்டும்தான் இந்த வீட்டில் இப்போது. அவர் தினமும் மூன்று மணிக்கே விளக்கேற்றிவிடுகிறார். ஒருநாள் திரையைத் துவைக்க எடுத்தபோது அந்த ஊசி அவர் விரலில் குத்திவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டார். நான் ஊசியை வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் போனேன்.

"மாப்பிள்ளை" என்றார். "நீங்க கை வச்சா கிழிச்சுடுவீங்க."

திரையைத் துவைத்து, காயவைத்து, மாட்டி, ஊசியை இருந்த இடத்திலேயே செருகிவிட்டேன். குமிழி வலது மூலையில் இருக்கிறது.